உடைந்த கிண்ணமும் கடுக்காய்த் தண்ணீரும்

(ஆம்பூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, பாய்மார்களே, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிற தங்கைகளே!

சீனர்களின் முன்னோர் கோயில் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் நகரத்தில் இருக்கிற கோயில் அது. வேலைப்பாட்டுக்குப் பேர்போனது. கட்டடக் கலை படித்தவர்கள் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் அந்தப் படிப்பு படித்தவன் இல்லை. 32 வருஷம் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டியவன். ஒரு தோலை விரித்துப் போட்டால் எங்கே உண்ணி கடித்த வடு இருக்கிறது, எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எந்த இடத்தில் எந்தத் துண்டை எடுத்தால் மிச்சம் பிடிக்கலாம் என்று பார்ப்பதுதான் நான் கற்ற கல்வி. அந்தக் கண்ணோடு அந்தக் கோயிலைப் பார்த்தேன். அந்தக் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

என் மகள் பினாங்கில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, பழைய நகரத்தை நடந்தே சுற்றினேன். தமிழனுக்கு அது அந்நிய ஊர் என்று சொல்லவே முடியாது. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களைச் ‘சூலியா’ என்று அழைத்தார்கள். அவர்கள் பேரால் இன்றைக்கும் சூலியா தெரு இருக்கிறது. அவர்களின் தலைவர் காதர் மொய்தீன் 1801ஆம் ஆண்டில் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. நாகூர் ஆண்டவர் பேரில் ஒரு தர்கா இருக்கிறது. 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. பூக்கடையில் தமிழ், தேநீர்க் கடையில் தமிழ். பள்ளிவாசலைத் தாண்டிச் சில நிமிடம் நடந்தால் பீரங்கித் தெரு. அங்கே இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு சந்து திறக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. அதற்குள் நுழைந்தால், அப்பா, கல் பாவிய ஒரு பெரிய முற்றம். முற்றத்தின் முன்னால் நிற்கிறது கூ கொங்சி.

‘கூ’ என்பது குடும்பப் பெயர். ‘கொங்சி’ என்றால் கூட்டாகச் சேர்ந்து நடத்துவது. மலேசியத் தமிழர்கள் பங்கு போட்டுக்கொள்வதை இன்றைக்கும் ‘கொங்சி’ என்றே சொல்கிறார்கள். சீனாவில் ஃபுஜியான் மாகாணத்தில் சின்காங் என்ற கடலோரக் கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கூ குடும்பத்தார் 1835இல் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். 1851இல் கோயில் வைத்தார்கள். கையில் பணம் சேர்ந்தபோது அதை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். அந்தப் பெரிய கோயில் 1901இல் எரிந்து போனது. சீனப் பேரரசரின் அரண்மனையைப் போல ஆடம்பரமாகக் கட்டியதால் தெய்வங்களுக்கே பொறுக்கவில்லை என்று ஊரில் சொன்னார்களாம். அளவைக் குறைத்துக்கொண்டு மறுபடியும் கட்டி, 1906இல் முடித்தார்கள். நாம் இன்று பார்ப்பது அந்தக் கோயில். அளவைக் குறைத்த பிறகே இப்படி இருக்கிறது!

அந்தச் சந்து ஏன் அவ்வளவு குறுகல்? காரணம் இருக்கிறது. 1867 ஆகஸ்டில் பினாங்கில் பெரிய கலவரம். இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் மோதிக்கொண்டன. ஒரு சங்கத்தோடு செங்கொடிச் சங்கத்து முஸ்லிம்கள் சேர்ந்தார்கள். இன்னொன்றோடு வெள்ளைக்கொடிச் சங்கத்து முஸ்லிம்கள் சேர்ந்தார்கள். பத்து நாள் ஊர் பற்றி எரிந்தது. அப்படிப்பட்ட காலத்தில் வாழ்ந்தவர்கள், கோயிலை நடுவில் வைத்துச் சுற்றிலும் தங்கள் வரிசை வீடுகளைக் கட்டி, வாசலைச் சந்தாக்கினார்கள். கோழி சிறகுக்குள் குஞ்சை வைத்துக்கொள்வது போலத்தான் அந்த அமைப்பு.

கோயிலுக்கு எதிரே ஒரு நாடக மேடை. தெய்வத்தைப் பார்த்துக் கட்டிய மேடை. நம் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் முன்னால் கூத்துக் கட்டுகிறோமே, அதே எண்ணம். படியேறி மேல்தளத்துக்குப் போனால் மூன்று சன்னிதிகள். நடுவில் குலதெய்வங்கள். ஒரு பக்கம் செல்வத்துக்கும் மண்ணுக்கும் உரிய தாத்தா தெய்வம். இன்னொரு பக்கம் முன்னோர்கள். அங்கே உருவச்சிலை எதுவும் இல்லை. கைக்கு அடக்கமான மரப்பலகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் இறந்துபோன ஒருவரின் பெயர். சுவரிலோ பெரிய பலகைகள். படித்துப் பட்டம் வாங்கிய வாரிசுகளின் பெயர்கள் அவற்றில். சீனத்தில் பட்டம் வாங்கினவர், பிறகு லண்டனில் சட்டம் படித்தவர், மருத்துவம் படித்தவர் என்று பெயர்கள் நீள்கின்றன. அந்த வீட்டில் பெயரே தெய்வம்.

நமக்கு இது புதிது இல்லை. நம் ஆம்பூரிலேயே நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தவை, 9ஆம் நூற்றாண்டு. அந்தக் கல்வெட்டில் நம் ஊருக்கு ஆமையூர் என்று பெயர். பகைவர் ஓட்டிப்போன மாடுகளை மீட்கப் போய் உயிர்விட்டவர்களுக்கு எடுத்த கற்கள் அவை. மாட்டுக்காக உயிர் கொடுத்தவன் பெயரைக் கல்லில் வெட்டி, அந்தக் கல்லுக்குப் படையல் வைத்த ஊர் இது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் இறந்தவனின் பெயரை இன்றைக்கும் நம்மால் வாசிக்க முடிகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இங்கேதான் திரும்பி வரப் போகிறேன்.

இப்போது கூரையைப் பார்ப்போம். நான் அங்கே அதிக நேரம் கழுத்தை நிமிர்த்தி நின்றது கூரைக்காகத்தான்.

அந்தக் கூரையின் முகட்டில் ஒரு சந்தைக் கூட்டமே இருக்கிறது. பறக்க எழும்பும் டிராகன் என்ற சீன நாகங்கள், வால் விரித்த பறவைகள், குதிரை மேல் சண்டைக்காரர்கள், செம்பருத்தி போல அகன்ற பூக்கள், மீன்கள். வெயில் பட்டதும் எல்லாம் ஈரமாக இருப்பது போல மினுங்குகிறது. முதலில் வண்ணம் பூசிய சுதை என்றுதான் நினைத்தேன். உற்றுப் பார்த்தபோது புரிந்தது. பூச்சே கிடையாது. அத்தனையும் பீங்கான் சில்லு.

எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கம்பியை வளைத்து எலும்புக்கூடு கட்டுகிறார்கள். அதன் மேல் சுண்ணாம்புக் காரையை அப்பி உடம்பு செய்கிறார்கள். காரை ஈரமாக இருக்கும்போதே, வெட்டிய பீங்கான் சில்லுகளை ஒவ்வொன்றாக அதில் பதிக்கிறார்கள். தென்சீனத்தில் பிறந்த கலை. உடைந்து போன, சூளையில் கோணிப்போன கிண்ணங்களைத் தூக்கிப்போட மனமில்லாமல் தொடங்கியது என்பார்கள். பிறகு இதற்கென்றே நிறநிறமாக மெல்லிய கிண்ணங்களைச் சுட ஆரம்பித்தார்கள். கிண்ணம் செய்வது உடைப்பதற்காக!

இங்கேதான் பேட்டர்ன் வெட்டுகிறவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நாகத்தின் உடம்பில் இருக்கும் ஒரு செதிலை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டை விரல் நகம் அளவுதான் இருக்கும். அது தட்டையாக இல்லை, லேசாகக் குவிந்திருக்கிறது. அந்தக் குவிவு எங்கிருந்து வந்தது? கிண்ணத்தின் வயிற்றுப் பகுதியிலிருந்து வந்தது. பூவின் இதழ் வெளிப்பக்கம் மடங்கி இருக்கிறதே, அது கிண்ணத்தின் விளிம்பு. வீரனின் அங்கி மடிப்புக்கு நீளமான சில்லு வேண்டும், அது கிண்ணத்தின் ஓரத்தில் கிடைக்கும். கிண்ணத்தின் அடிப்பகுதி கெட்டி, அது வேறு எதற்கோ ஆகும். அப்படியென்றால் அந்தக் கைவினைஞன் கையில் கிண்ணத்தை எடுத்ததுமே, இதில் எத்தனை செதில், எத்தனை இதழ், எத்தனை மடிப்பு என்று கணக்குப் போட்டிருக்கிறான். குறடால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்திருக்கிறான். ஒரு கிள்ளு தப்பினால் சில்லு போச்சு.

தங்கைகளே, கட்டிங் டேபிளில் நிற்கிறவர்களுக்கு இது புரியும். ஒரு ஆட்டுத் தோலின் முதுகுப் பகுதி கெட்டி, அங்கே ஷூவின் முன்பகுதியை எடுக்கிறோம். வயிற்றுப் பகுதி தொளதொள, அங்கே கண்ணுக்குப் படாத துண்டை எடுக்கிறோம். தட்டையான தோலை வெட்டி, தைத்து, லாஸ்ட் என்ற பாத வடிவ அச்சின் மேல் இழுத்து, ஒரு பாதத்தின் வளைவைக் கொண்டு வருகிறோம். அவர் வளைந்ததை வெட்டி நாகத்தின் மேல் போர்த்துகிறார். நாம் தட்டையானதை வெட்டிப் பாதத்தின் மேல் போர்த்துகிறோம். வேலை ஒரே வேலைதான். அந்த முற்றத்தில் நின்றபோது, இதைச் செய்தவரை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. பெயர் தெரியாது, முகம் தெரியாது, பேசும் மொழி தெரியாது. ஆனால் அவருடைய கைக்கணக்கு எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோயிலின் முன்பக்கத்தில் காவலுக்கு நிற்கிற கற்சிலைகளைப் பார்த்தேன். தலைப்பாகையும் தாடியுமாகச் சீக்கியக் காவலர்கள்! சீனத் தெய்வத்துக்கு எப்படிச் சீக்கியக் காவல்? அன்றைக்குப் பினாங்கில் பணக்கார வாசல்களில் காவல் நின்றவர்கள் சீக்கியர்கள். சீனாவிலிருந்து வந்த கல்தச்சன் தெருவில் கண்டதைக் கல்லில் வைத்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த மாதிரியை மட்டும் செதுக்கிவிட்டுப் போகவில்லை. வந்த ஊரைக் கண் திறந்து பார்த்தான். நல்ல கைக்கு அதுவும் ஓர் அடையாளம்.

இனி சுண்ணாம்புக்கு வருகிறேன். இந்தச் சில்லுகளைப் பிடித்து நிறுத்துவது என்ன? சுண்ணாம்புக் காரை. தென்சீனக் கைவினைஞர்கள் சுண்ணாம்போடு வைக்கோலும் காகிதக் கூழும் சேர்ப்பார்கள். ஒட்டுவதற்குப் பசையரிசி மாவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்ப்பார்கள். சர்க்கரை என்று கேட்டதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? நம் ஊர்க் கோபுரங்களில் சுதை வேலை செய்யும் ஸ்தபதிகள் சுண்ணாம்பில் என்ன சேர்க்கிறார்கள்? வெல்லத் தண்ணீர். கூடவே கடுக்காய் ஊறவைத்த தண்ணீர்.

கடுக்காய்! இந்தச் சொல்லை இந்த ஊரில் சொன்னால் வயதானவர்களுக்கு மூக்கில் வாசனையே வரும். என் அப்பா பேர்ணாம்பட்டில் தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, முடி கழன்று வரும் பதம் பார்த்து எடுப்பது அவர் வேலை. தோலை விரலால் தேய்த்தே சொல்லிவிடுவார், ‘இன்னைக்குப் போதும்’ என்று. அதற்குப் பிறகு ஆவாரம்பட்டை ஊறல். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். வெயில் பட்டுத் தோல் சிவந்து போகாமல் காப்பாற்றுவது அந்தக் கடுக்காய். அப்பாவின் உள்ளங்கை சுண்ணாம்பில் வெடித்திருக்கும். விரல் நுனி கடுக்காய்க் கறையில் கறுத்திருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு திருவிழாவுக்குப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. இதை இந்த மேடையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வேன்?

பினாங்கில் அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது புரிந்தது. கோபுரத்தில் தெய்வத்தைச் செய்கிற சுண்ணாம்பும் கடுக்காயும்தான் தொட்டியில் தோலைப் பதப்படுத்தின. ஒரே பொருள், ஒரே பக்குவம். கோபுரத்தில் ஏறிய சுண்ணாம்புக்குக் கும்பாபிஷேகம் செய்தோம். தொட்டியில் இறங்கிய சுண்ணாம்பைத் தொட்டவனை ஊருக்கு வெளியே வைத்தோம். பொருளில் இல்லாத ஏற்றத்தாழ்வை நாம்தான் கொண்டு வந்து வைத்தோம்.

தோலுக்கான அந்தப் பக்குவமும் பிறகு மாறியது. 1903இல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் குரோம் உப்பால் தோலைப் பதப்படுத்திப் பார்த்தார். பட்டையும் கடுக்காயும் செய்த வேலையைக் காலப்போக்கில் குரோம் எடுத்துக்கொண்டது. கழிவு கலந்து, அதற்கான விலையைப் பாலாறு கொடுத்தது. அது தனியாக ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

தோலுக்கும் சீனர்களுக்கும் நம் நாட்டிலேயே ஒரு தொடர்பு உண்டு. கொல்கத்தாவில் டாங்ரா பகுதியில் தோல் பதனிட்டவர்கள் ஹக்கா சீனர்கள். பெண்டிங்க் தெருவில் ஷூக் கடை வைத்திருந்தவர்களும் அவர்களே. அவர்களில் பெரும்பாலோரின் பூர்வீகம் சீனாவின் குவாங்டாங் மாகாணம். நம் பேர்ணாம்பட்டில் என் அப்பா செய்த வேலையைத்தான் டாங்ராவில் ஒரு சீன அப்பாவும் செய்திருப்பார். அவர் கையும் வெடித்திருக்கும்.

அந்தக் குவாங்டாங் மாகாணத்தின் தலைநகரம் குவாங்சோ. நம் ஊர்க் கம்பெனிக்காரர்கள் பலருக்கு அது பழகிய ஊர். மெஷின் பார்க்கவும், லாஸ்ட், பக்கிள் வாங்கவும் போய் வருகிறார்கள். பினாங்குக்குப் போவதற்கு முன்பே நானும் ஒரு தடவை கம்பெனி வேலையாக அங்கே போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. மெட்ரோ ரயிலில் ஒரு நிலையத்துக்கே ‘சென் குல மண்டபம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே இறங்கிப் பார்த்தேன். குவாங்டாங்கின் 72 வட்டங்களில் இருந்த சென் குடும்பத்தார் கூடிப் பணம் போட்டுக் கட்டி, 1894இல் முடித்த முன்னோர் மண்டபம் அது. ஊரிலிருந்து அரசுத் தேர்வு எழுத வரும் குலப் பிள்ளைகள் தங்குவதற்கும் அதுதான் இடம். அதனால் அதைக் கல்விக்கூடம் என்றே அழைத்தார்கள். 1905இல் தேர்வு முறையே ஒழிந்தது. மண்டபத்தில் தொழிற்பள்ளி வந்தது. 1959இல் அது கைவினை அருங்காட்சியகம் ஆனது.

அங்கே மரம், கல், செங்கல், சுண்ணாம்பு, பீங்கான், வார்ப்பிரும்பு என எல்லாவற்றிலும் வேலைப்பாடு. கல் கைப்பிடிச் சுவரின் தூண் தலைப்பில் அன்னாசிப் பழம், நட்சத்திரப் பழம் எல்லாம் தட்டில் வைத்தது போலச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த ஊர்த் தோட்டத்தில் விளைவது அந்த ஊர்க் கோயிலில் இருக்கிறது. வெளிச்சுவரில் சாம்பல் நிறச் செங்கல் சிற்பங்கள். ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனியாகச் செதுக்கிப் பிறகு சுவரில் சேர்த்து, நூற்றுக்கணக்கான முகங்களோடு ஒரு பழங்கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு இவற்றையெல்லாம் வாய்பிளந்து பார்த்தேன், படம் எடுத்துக்கொண்டேன், திரும்பி வந்தேன்.

அந்தப் படங்களைப் பினாங்கில் மகள் வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். செங்கல் சிற்பத்தின் ஓரத்தில் எழுத்து இருந்தது. மகளின் சீனத் தோழி ஒருத்தி வாசித்துச் சொன்னாள். கதையின் பெயர் என்று நினைத்தேன். இல்லை. செய்தவரின் பெயர். ஹுவாங் நான்ஷான். அந்த மண்டபத்து மரச் சன்னிதியில் இருந்த எழுத்தையும் வாசித்தாள். ‘ஹுய்லான் பாலம், லியூ தெசாங் செய்தது.’ அது பட்டறையின் பெயர், எந்தப் பாலத்தின் அருகே இருந்தது என்ற விலாசத்தோடு. கூரை முகட்டுப் பீங்கான் சிற்பங்களிலும் அவற்றைச் சுட்ட சூளைக்காரர்களின் பெயரும் ஆண்டும் உண்டு. பணம் கொடுத்த குடும்பத்தின் பெயர் பலகையில் இருக்கிறது. வேலை செய்த கையின் பெயர் வேலையிலேயே இருக்கிறது. இரண்டு பெயரும் ஒரே கூரைக்குக் கீழே! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக வேலூர்க் கோட்டைக்குப் போனேன். ஜலகண்டேஸ்வரர் கோயில் நம் எல்லோருக்கும் தெரியும். பல தலைமுறை பூஜை இல்லாமல் கிடந்து, 1981இல் மறுபடியும் லிங்கம் வைத்து வழிபாடு தொடங்கிய கோயில். கோபுரத்துக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் கல்யாண மண்டபம். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! இந்தத் தடவை தரையில் படுத்தே விட்டேன், விதானத்தைப் பார்ப்பதற்காக. நடுவில் கல்லில் மலர்ந்த பூ. அதைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. கருங்கல்லில் இப்படிச் செதுக்குவது என்றால் என்ன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கிளியின் அலகு உடைந்தால் ஒட்டவைக்க வழியில்லை. வெளியே தூண்களில் முன்னங்காலைத் தூக்கிய குதிரைகள். சேணத்து வார், வாரின் பொத்தான் வரை கல்லில் தெரிகிறது. அந்த வாரைச் செதுக்கியவன் தோல் வேலைக்காரனைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். நான் சத்தியம் செய்வேன்.

அந்த 16ஆம் நூற்றாண்டில் வேலூரை ஆண்டவர் பெயர் நமக்குத் தெரியும், சின்ன பொம்ம நாயக்கர். அவர் ஆதரித்த அறிஞர் பெயர் தெரியும், அப்பய்ய தீட்சிதர். கிளியைச் செதுக்கியவர் பெயர் என்ன? எனக்குத் தெரியவில்லை. இந்த அவையில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், காலில் விழுகிறேன்.

பெயர் எழுதும் வழக்கமே நமக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது. அதில் பல்லவர் காலத்துக் கைவினைஞர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று பெயர்கள். அந்த ரதங்களையும் குகைகளையும் செதுக்கிய கூட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறார்கள் அறிஞர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் கல்வெட்டு ஒன்று, கட்டிய தச்சனை வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று பெயர் சொல்லிப் போற்றுகிறது. அதே கோயிலில் ஆடல் மகளிர் 400 பேருக்கும் பெயர் எழுதி, எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்று விலாசமும் எழுதிவைத்தான் ராஜராஜன். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால், தெருவும் வீட்டு எண்ணுமாக! ஹுய்லான் பாலத்து லியூ தெசாங்குக்கு 900 வருஷம் மூத்த வழக்கம் நம்முடையது. நடுவில் எங்கேயோ கை நழுவ விட்டோம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1970களின் தொடக்கம் வரை நம் தோல் பெரும்பாலும் அரைப்பதத்தில் கப்பலேறியது. 1972இல் சீதாராமையா குழு, அதைக் குறைக்க அரசுக்கு யோசனை சொன்னது. 1973 முதல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அதன் பிறகே முழுப்பதம், ஷூ அப்பர், முழு ஷூ என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுவதும் கைகள் பழகின. ஒரு ஷூவை எடுத்துப் பாருங்கள். ஸ்கைவிங்கில் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கியவர் ஒருவர். மடித்து ஒட்டியவர் ஒருவர். ஒரு அங்குலத்துக்கு இத்தனை தையல் என்று கண்ணாலேயே அளந்து இரட்டைத் தையல் போட்டவர் ஒருவர். லாஸ்டில் இழுத்தவர் ஒருவர். ஒரு ஜோடியில் எத்தனை கை! பெரும்பாலும் பெண்களின் கை. அந்த ஷூ ஐரோப்பாவில் ஒருவர் காலில் ஏறுகிறது. உள்ளே நாக்குப் பகுதியில் வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் இருக்கிறது. மிஞ்சினால் ‘மேட் இன் இந்தியா’ என்ற மூன்று சொல். ஆம்பூர்கூட இல்லை.

வியாபாரத்தின் சட்டம் அது, நான் மறுக்கவில்லை. வெளிநாட்டு ஷூவின் நாக்கில் உங்கள் பெயரைத் தைக்கச் சொல்லி இங்கே யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் நம் ஊரில், நமக்குள்ளே, நம் கையின் பெயரை நாம் எழுதிவைக்க யார் தடுத்தார்கள்? கூ குடும்பத்தார் கடல் தாண்டிப் பிழைக்கப் போன இடத்தில், கலவரத்துக்கு நடுவில், தீயில் ஒருமுறை எல்லாம் எரிந்த பிறகும், பெயர்ப்பலகைகளை மறுபடியும் வரிசையாக நிற்க வைத்தார்கள். சென் மண்டபத்துப் பட்டறைக்காரர் பாலத்தின் பெயரோடு தன் பெயரை மரத்தில் வெட்டினார். ஆமையூர்க்காரன் மாடு மீட்கப் போய்ச் செத்தவன் பெயரைக் கல்லில் வெட்டினான். மாடு மீட்டவனுக்குக் கல் எடுத்த ஊர், அந்த மாட்டின் தோலைப் பதப்படுத்தியவனுக்கு ஒரு காகிதமாவது எடுக்க வேண்டாமா?

முன்னோரை வணங்குவது என்றால் எனக்கு இப்போது புரிவது இதுதான். அவர்கள் கை என்ன செய்தது என்று தெரிந்து வைத்திருப்பது. அதை அவர்கள் பெயரோடு சொல்வது. பெயர் போனால் கைக்கணக்கும் போய்விடும். சுண்ணாம்புத் தொட்டியில் விரல் வைத்துப் பதம் சொன்ன அறிவு அப்பாவோடு போய்விட்டது. அவர் உயிரோடு இருந்தபோது நான் ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை. கறுத்த விரலைப் பார்த்து வெட்கப்பட்டேனே தவிர, அந்த விரலுக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை. அந்தக் குறை என்னோடு போகட்டும்.

அதனால் ஒரு சின்ன வேலை செய்திருக்கிறேன். வாசலுக்குப் பக்கத்து மேஜையில் 200 பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. கோடு போட்டு நான்கு கட்டம் பிரித்திருக்கிறேன். பெயர், வேலை, ஊர், வருஷம். உங்கள் அப்பா, அம்மா, மாமா, அத்தை, வாப்பா, நானி யார் இந்தத் தொழிலில் இருந்தாலும் எழுதுங்கள். நீங்களே இருந்தால் உங்கள் பெயரையே எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் எழுதுவார்கள். வேலையைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. எப்படிப் பதம் பார்ப்பார், எந்த விரலில் நூல் பிடிப்பார், என்ன சொல் சொல்வார் என்று. இந்த நோட்டு நிரம்பினால் இன்னொன்று வாங்குவேன். இந்த வாசகசாலையில் யார் கேட்டாலும் எடுத்துப் பார்க்கும் இடத்தில் இருக்கும்.

முதல் வரியை நான் எழுதிவிட்டேன். அப்பாவின் பெயர். பக்கத்தில், சுண்ணாம்புத் தொட்டி. பக்கத்தில், பேர்ணாம்பட்டு. இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. பேனாவும் அங்கேயே கட்டி வைத்திருக்கிறேன்.